இதை மொழிபெயர்க்க வேண்டாம்

என் ஹிந்தி மகா மோசம். காத்மாண்டுவின் தமேல் பகுதியில் ஒரு விடுதி மேசை முன்னால் நின்றுகொண்டு, "பெண்கள் அறையில் கீழ்ப் படுக்கைதான் வேண்டும், முழங்கால் வலி, மேலே ஏற முடியாது" என்பதை ஹிந்தியில் சொல்லப் பார்த்து முழங்காலில் மாட்டிக்கொண்டேன். அந்தச் சொல் வரவேயில்லை. விடுதிக்காரருக்குப் பின்னால் சுவரில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஜப்பானிய எழுத்து. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று "உங்களுக்கு ஜப்பானிய மொழி வருமா?" என்று அந்த மொழியிலேயே கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் பல். ஒசாக்காவில் ஒரு கர்ரி ஓட்டல் சமையலறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவராம். அப்புறம் என்ன, ஒரு நேபாளியும் ஒரு தமிழச்சியும் ஜப்பானிய மொழியிலேயே வாடகை பேசி முடித்தோம். இரவுக்கு 800 நேபாள ரூபாய். நம் காசுக்குச் சரியாக 500.

அவரை அங்கே எல்லோரும் "தாய், தாய்" என்று கூப்பிட்டார்கள். நேபாளியில் அண்ணன் என்று பொருள். மீசை வைத்த ஓர் ஐம்பது வயது ஆளைத் தாய் என்று கூப்பிட எனக்கு ஒரு நாள் முழுக்கக் கூச்சமாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் ஒன்பது வருடமாக ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். காலை எட்டு மணிக் கூட்டத்திலிருந்து மாலை அறிக்கை வரை அவர்கள் சொல்வதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், நம் ஆட்கள் சொல்வதை ஜப்பானியத்திலும் சொல்லிக்கொண்டே இருப்பது வேலை. 2024 மகாசிவராத்திரி மார்ச் 8, வெள்ளிக்கிழமை. முன்னும் பின்னுமாக லீவு போட்டு, பசுபதிநாதரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, ஐந்து நாள் அந்த மொழி காதில் விழாமல் இருந்த மாதிரியும் ஆயிற்று என்று கிளம்பியவள் நான். கடைசியில் போய் விழுந்த இடம் இது.

அறையில் ஆறு படுக்கை. எனக்கு எதிர்க் கட்டிலில் ஒரு பெண், ஜன்னல் பக்கத்து மேல் படுக்கையில் இன்னொரு பெண். இரண்டு பேருமே ஜப்பானியர். எனக்கு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. கட்டிலடியில் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி விட்டிருந்தார்கள். துவைத்த உள்ளாடைகள் தனி வலைப்பையில். வாயில் பிரஷ்ஷோடு பல் துலக்கிக்கொண்டே நடை. ஆனால் இரண்டு நாளாக ஒரே அறையில் இருக்கும் இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒருத்தி வந்தால் மற்றவள் போனைப் பார்ப்பாள். தமேலில் மார்ச் மாதம் தூசிக் காலம். இரவெல்லாம் அறையில் மாற்றி மாற்றி வறட்டு இருமல். ஒருத்தி இருமுவாள், மற்றவள் பதிலுக்கு இருமுவாள். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதில்லை. மூன்று மாதப் பயிற்சிக்கு நகோயா போயிருந்தபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் "டேய், பால் எடுத்தியா" என்று ஒரு குரல் கேட்டு, ஓடிப் போய்ப் பேசாமல் அரிசி மூட்டை வரிசைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றவள்தானே நான். ஏன் ஒதுங்கினேன் என்று இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பேசியிருந்தால் எந்த ஊர், எந்தக் கம்பெனி, கல்யாணம் ஆயிற்றா என்று வந்திருக்கும். அன்றைக்கு அது வேண்டாம் என்றிருந்தது.

மறுநாள் காலை போன் சார்ஜ் போட இடம் தேடினேன். எதிர்க் கட்டில் பெண்ணின் தலைமாட்டில்தான் ப்ளக் இருந்தது. ஜப்பானியத்தில் கேட்டேன். நான் கேட்டதைத் தமிழில் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்: "தங்களுக்குச் சிரமம் தருவதற்கு மிகவும் வருந்துகிறேன். தங்கள் அருகிலுள்ள மின்னிணைப்பைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி பெற இயலுமா?" அவள் முதலில் பயந்து எழுந்து உட்கார்ந்தாள். மேல் படுக்கையிலிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. அதைக் கேட்டு இவளும் சிரித்தாள். "அக்கா, கம்பெனி மெயில் பேசுகிற மாதிரி பேசுகிறீர்கள்" என்றாள் மேலே இருந்தவள். அக்கா என்று அவள் சொல்லவில்லை, பெயரோடு "சான்" சேர்த்தாள். எனக்கு அது அக்கா என்றுதான் கேட்டது. இரண்டு பேரும் முதல்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

எதிர்க் கட்டில் பெண் நர்ஸ், வயது 27. ஐந்து வருட வேலையைப் போன டிசம்பரில் விட்டுவிட்டுக் கிளம்பியவள். மேல் படுக்கைப் பெண் கல்லூரி கடைசி வருடம், 22. ஜப்பானில் படிப்பு மார்ச்சில் முடியும். வேலைக்குச் சேரும் நாள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏப்ரல் 1. வேலை முந்தைய வருடமே உறுதியாகிவிடும். அக்டோபர் 1 அன்று முறைப்படி கடிதம் கொடுக்கும் வழக்கம். நடுவில் வரும் பிப்ரவரி, மார்ச்தான் வாழ்க்கையிலேயே கடைசி நீண்ட விடுமுறை என்று ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். படிப்பு முடித்த பயணம் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. அந்தப் பெண்ணுக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. அதை நாள் கணக்கில் சொன்னாள்.

தாயிடம் ஜப்பானியர் கூட்டம் எப்படி என்று கேட்டேன். முன்பெல்லாம் இந்தப் பருவத்தில் விடுதி முழுக்க அவர்கள்தான், இப்போது கொரியாக்காரர்களும் சீனாக்காரர்களும் உங்கள் ஆட்களும்தான் என்றார். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2019இல் இரண்டு கோடி ஜப்பானியர் வெளிநாடு போனார்கள். 2024இல் போனவர்கள் சுமார் ஒரு கோடியே முப்பது லட்சம். உலகத்தில் ஏறக்குறைய எந்த நாட்டுக்கும் விசா இல்லாமல் போகக்கூடிய பாஸ்போர்ட், ஆனால் நூறு பேரில் பதினேழு பேரிடம்தான் அது இருக்கிறது. யென் விழுந்தது ஒரு காரணம். 2011 வாக்கில் ஒரு டாலருக்கு எண்பது யென் கூட ஆகவில்லை. நான் போன மாதம் நூற்றைம்பது. சம்பளம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை.

வெளிநாட்டுச் சுற்றுலாவே அவர்களுக்கு அப்படியொன்றும் பழைய விஷயமில்லை. போருக்குப் பிறகு சாதாரண ஆள் சுற்றிப் பார்க்கப் போக முடியாது. 1964இல்தான் திறந்துவிட்டார்கள். அதுவும் வருடத்துக்கு ஒரு முறை, கையில் 500 டாலர் வரைதான். திறந்துவிட்ட தேதியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஏப்ரல் 1.

நேபாளத்துக்கு முதலில் வந்த ஜப்பானியர் என்று சொல்லப்படுபவர் கவாகுச்சி எகாய் என்ற புத்தத் துறவி. 1899இல் வந்தார், அடுத்த வருடம் இமயம் தாண்டித் திபெத்துக்குள் நுழைந்தார். தான் ஜப்பானியன் என்று காட்டிக்கொள்ளாமல் சீனத் துறவி என்று சொல்லித்தான் திரிந்தார். திபெத்தில் வெளிநாட்டாருக்கு அனுமதியில்லாத காலம், பிடிபட்டால் கதி அதோகதி. எங்கள் அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு அப்படி ஒரு ஆபத்தும் இல்லை. நர்ஸிடம் நேரடியாகவே கேட்டேன், ஏன் பேசவில்லை என்று. கொஞ்சம் யோசித்தாள். "வணக்கம் சொல்லிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து நான் ஜப்பானியப் பெண்ணாக இருக்க வேண்டும். ரொம்பத் தூரம் வந்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் நாள் யாராகவும் இல்லாமல் இருக்கலாமே என்று பார்த்தேன்."

சிவராத்திரி அன்று அவளும் என்னோடு வருகிறேன் என்றாள். பசுபதிநாதர் கோயில் உள்ளே இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. நான் விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றேன். திருப்பதி வரிசை பார்த்தவளுக்கே மூச்சு முட்டியது. உள்ளே பூசை செய்பவர்கள் கர்நாடகத்துப் பட்டர்கள். பரம்பரை பரம்பரையாகத் தெற்கிலிருந்து வருகிறவர்கள் என்பதால் ஒரு சொந்தம் கொண்டாடலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் யார் முகமும் தெரியவில்லை. வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவள் பாக்மதி ஆற்றுக்கு அக்கரையில், கல் படிக்கட்டில் நான் விட்டுப்போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சாமியார்கள், கஞ்சாப் புகை, போட்டோ எடுக்கும் கூட்டம். அவள் எதிர்க்கரையில் எரியும் சிதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்பை எடுக்க மாட்டார்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஒன்பது வருடத்தில் எங்கள் ஆலையில் அந்தச் சொல் வந்ததே இல்லை. அவள் தன் முன்கையைத் தொட்டுக் காட்டினாள். இங்கே சாம்பலை அப்படியே ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள், எங்கள் ஊரில் மறுநாள் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்கி மண்கலயத்தில் எடுப்பார்கள் என்றேன். அப்பா போனபோது அண்ணன் குனிந்து பொறுக்கியதைச் சொன்னேன். அவள் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். தகனம் முடிந்ததும் குடும்பத்தார் இரண்டிரண்டு பேராக நின்று, குச்சியால் எலும்பை எடுத்துக் கலயத்தில் போடுவார்கள். கால் பக்கம் தொடங்கித் தலை பக்கம் முடிப்பார்கள், உள்ளே இறந்தவர் நிமிர்ந்து இருக்க வேண்டுமே. கடைசியில் கழுத்தெலும்பில் ஒன்று, உட்கார்ந்திருக்கும் புத்தர் போல இருக்குமாம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு எதையும் மாற்றக் கூடாது என்று எங்கள் மேனேஜர் வீட்டு விருந்தில் ஒருமுறை என்னை அவசரமாகத் தடுத்தார்கள். காரணம் அன்றைக்குச் சொல்லவில்லை. பாக்மதிக் கரையில்தான் தெரிந்துகொண்டேன்.

"2020இல் கொரோனாவில் போனவர்களுக்கு அது நடக்கவில்லை" என்றாள். "குடும்பத்தாரை உள்ளே விடவில்லை. கலயம் மட்டும் வீட்டுக்குப் போனது. நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடம்தான்." அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துச் சாமியார் இருவருக்கும் திருநீறு பூசிவிட்டுக் காசு கேட்டார்.

இதை அந்த மாணவியிடம் அவள் சொல்லவில்லை, விடுதியில் இருந்த வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் ஏன் சொன்னாள் என்றால், என் ஜப்பானியம்தான் காரணம் என்று நினைக்கிறேன். விகுதியெல்லாம் கம்பெனி, சொல்லெல்லாம் தொழிற்சாலை, வயது சரியாகத் தெரியாது, எந்த வரிசையிலும் என்னை நிறுத்த முடியாது.

அந்த வரிசை எப்படி உருவாகிறது என்பதை அன்றிரவே மொட்டைமாடியில் பார்த்தேன். தாய் எல்லோருக்கும் பருப்பு, சோறு, கடுகுக்கீரை போட்டார். நாங்கள் மூவர், வாரணாசியிலிருந்து சுனௌலி எல்லை வழியாகப் பஸ்ஸில் வந்த ஒரு மாணவன், அப்புறம் ஒரு மனிதர். அந்த மனிதர் அங்கே மூன்று மாதமாக இருந்தார். இப்படி ஒரே ஊரில் தங்கிவிடுவதை அவர்கள் மூழ்கிப்போவது என்கிறார்கள், கப்பல் மூழ்குகிற அதே சொல். அவரே தன்னை "நான் மூழ்கினவன்" என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். பெயர் சொல்லவில்லை. யாரும் யார் பெயரையும் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே, எத்தனையாவது நாள், இந்த மூன்றுதான் கேள்வி. எல்லோரும் எல்லோரிடமும் ஒரே அளவு மரியாதையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு யாரோ "எந்த வருடம் பிறந்தீர்கள்" என்று கேட்டார்கள்.

காது வைத்துப் பிழைப்பவள் என்பதால் எனக்கு அது அப்பட்டமாகக் கேட்டது. பதில்கள் வந்த அடுத்த வாக்கியத்திலேயே வினைமுற்றுகள் இடம் மாறிவிட்டன. நர்ஸ் மாணவர்களிடம் விகுதியைத் தளர்த்தினாள். மாணவர்கள் அவளிடம் இன்னும் இறுக்கினார்கள். மூழ்கினவருக்கு 41 என்றதும் அந்தப் பையன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். நம் ஆட்கள் "நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்டு, "அட, அப்ப நீ எனக்கு ஜூனியர்டா" என்று தோளில் தட்டுவார்களே, அதேதான். தட்டல் மட்டும் இல்லை.

அப்போது மாணவி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்கள் ஜப்பானிய பாஸ் எப்படி?"

எனக்கு முதலில் விளையாட்டாகப் பட்டது. அவள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. பையனும் தட்டைக் கீழே வைத்துவிட்டான். இன்னும் மூன்று வாரத்தில் அவர்கள் நுழையப் போகும் இடத்துக்குள் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்த ஆள் அந்த மாடியில் நான் ஒருத்திதான். நல்ல விஷயங்களைச் சொன்னேன், பொய்யில்லை. மெஷினில் கை மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பியை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசிப்பார்கள், நம் சூப்பர்வைசர்கள் அதில் கற்றுக்கொண்டது நிறைய. "பரிசீலிக்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் அதை "இல்லை" என்று மொழிபெயர்க்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று என்றேன். சிரித்தார்கள்.

"உங்களைத் திட்டுவார்களா?"

எங்களைத் திட்டியதில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் மாலை கூட்ட அறையில் ஜப்பானிலிருந்து வந்து ஆறு மாதமான ஓர் இளம் எஞ்சினியரை அவருடைய மேலதிகாரி நிற்க வைத்துப் பேசியதைச் சொன்னேன். நானும் நம் ஆட்கள் நான்கு பேரும் அங்கேயே இருந்தோம். வழக்கம்போல வாயைத் திறந்தேன். அதிகாரி என்னைப் பார்த்து, மிக மரியாதையாக, "இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். நம் ஆட்கள் ஒன்றும் புரியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அந்தப் பையன் தலை குனிந்தபடி நின்றான். என் சம்பளத்தில் அன்றைக்குச் செய்த கடினமான வேலை அதுதான்.

மாடியில் யாரும் பேசவில்லை. கீழே தெருவில் ஒரு பாரிலிருந்து டிரம்ஸ் சத்தம். மூழ்கினவர் கேட்டார்: "எவ்வளவு நேரம் நின்றான்?"

நாற்பது நிமிடம் இருக்கும் என்றேன்.

"குறைவுதான்" என்றார். எழுந்து போய் எல்லோருக்கும் டீ எடுத்து வந்தார். வரும்போது பையன் பதறி எழுந்து தட்டை வாங்கப் போனான். அவர் "உட்கார், உட்கார்" என்றார்.

கடைசி நாள் காலை தாய் இரண்டு தடி நோட்டுகளை எடுத்துப் போட்டார். ஜப்பானியர்கள் கூடும் விடுதிகளில் இப்படி ஒரு தகவல் நோட்டு இருப்பது பழைய வழக்கம். எல்லையில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், "பஸ் இல்லை" என்று சொல்பவனை நம்பாதே, எந்தக் கடையில் மோமோ நன்றாக இருக்கும் என்று வழிப்போக்கர்கள் கைப்பட எழுதி, வரைபடமும் போட்டு வைப்பார்கள். நுணுக்கி எழுதிய எழுத்து, கோட்டை அடிமட்டம் வைத்துப் போட்டிருந்தார்கள். 2015 ஏப்ரல் 25 பக்கத்தில் வழி எதுவும் இல்லை. "11:56" என்று நேரம், அதன் கீழே அறை எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே "நலம்". நிலநடுக்கத்தில் கட்டடம் தப்பித்ததாம், எல்லோரும் தெருவில் படுத்தார்களாம். 2020 மார்ச்சுக்குப் பிறகு நோட்டு ஏறக்குறைய காலி. இப்போது எல்லாம் போனில்தான் என்றார் தாய். "நீயும் எழுது, பஹினி. சென்னை பற்றி யாருமே எழுதவில்லை." பஹினி என்றால் தங்கை.

எழுதினேன். ஆட்டோவுக்குப் பேரம், மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வரும், மீல்ஸ் ஓட்டலில் போதும் என்றால் இலையை மடிக்க வேண்டும், மடிக்கிற வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். மாணவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். பென்சிலை வாங்கி என் "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்"களை ஒவ்வொன்றாக அடித்தாள். அரைப் பக்கம் கால் பக்கமாயிற்று. கடைசியில் நின்றது: "போதும் என்றால் இலையை மடி." அதற்குப் பக்கத்தில் ஒரு வாழையிலையும் வரைந்து வைத்தாள். அது மீன் மாதிரி இருந்தது.

கிளம்பும் முன், ஜப்பானியர்களின் வாட்ஸ்அப் மாதிரியான லைன் செயலியில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். இரண்டு வாரம் போட்டோக்கள் வந்தன. பொக்ராவில் ஜப்பானியத் துறவிகள் கட்டிய சமாதான ஸ்தூபிக்குக் கீழே நர்ஸ். நரிதா விமான நிலையத்தில் பையன் சாப்பிட்ட நூடுல்ஸ். மூழ்கினவரிடமிருந்து மாடியில் காயும் அவருடைய சாக்ஸ். மார்ச் 31 அன்று இரவு மாணவி, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்ட கறுப்புக் கோட்டின் படம் ஒன்று போட்டாள், எழுத்து எதுவும் இல்லாமல். யாரும் பதில் போடவில்லை. நானும்தான்.

மறுநாள் ஏப்ரல் 1, திங்கட்கிழமை. எங்களுக்குக் காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தோடு வீடியோ கூட்டம், அங்கே மதியம் ஒன்றரை. இந்த வருடம் சேர்ந்த புதியவர்களை அறிமுகம் செய்கிறோம் என்றார்கள். திரையில் கறுப்பு உடையில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக ஓர் அடி முன்னால் வந்து, பெயர் சொல்லி, குனிந்து, ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பின்னால் போனார்கள். "இனி உங்கள் அனைவரின் ஆதரவையும் வேண்டுகிறேன்" என்று நானும் ஒவ்வொரு முறையும் தமிழில் சொன்னேன். ஒன்பதாவதாக வந்த பெண் பெயர் சொல்ல வாயைத் திறந்தவள், திரும்பிக் கைக்குட்டையில் இருமினாள். வறட்டு இருமல், இரண்டு மூன்று முறை. மன்னிக்கச் சொல்லி இன்னும் ஆழமாகக் குனிந்தாள்.

எங்கள் பக்கத்து மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, சிரிக்கிறீங்க?"